சேர்த்துக் கட்டிய காரும் மலைநாட்டு முடக்கும்: சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் உள்ள எனது சின்னக் கராஜுக்கு இப்படிப்பட்ட கார்கள் அடிக்கடி வரும். மொரிஸ் மைனர் பொடி, உள்ளே சன்னி எஞ்சின், பின்னால் கொரோலா டிஃப் (பின்சில்லுகளைச் சுழற்றும் பல்லுப் பெட்டியும் அச்சும்), முன்னால் எதிலிருந்து கழற்றியது என்று கட்டியவருக்கே மறந்துபோன பிரேக். எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், பெயின்டும் பளபளக்கும். ஆனால் இறக்கத்தில் முடக்கு (வளைவு) வந்தால் கை வியர்க்கிறது என்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கம்பனியில் வந்த காரை விட நாங்கள் கட்டிய காரில் மட்டும் ஏன் இத்தனை கோளாறு?

கம்பனிக் காரில் ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்கும் ஷொக், டயர், ஸ்டியரிங் எல்லாம் ஒரே பாரத்துக்கும் ஒரே உயரத்துக்கும் கணக்குப் பார்த்துச் செய்தவை. மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் அது வெளிவந்தபோதே முன்னால் டோர்ஷன் பாரும் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) ரெக் ஸ்டியரிங்கும் (பல்லுள்ள சட்டத்தைத் தள்ளிச் சில்லைத் திருப்புவது) இருந்தன. அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் இவ்வளவு நேர்த்தியாகத் திரும்பியவை குறைவு. அதன் சொந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் மூக்கின் பாரம் மாறுகிறது. டிஃப் மாறினால் பின்சில்லுகளின் அகலம் மாறுகிறது. அகலமான டயர் போட்டால் ஸ்டியரிங்குக்குப் போகும் உதை கூடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல சாமான்தான். அவற்றை ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தவர் எவருமில்லை. அந்த வேலை இப்போது உங்களுடையது. அதற்கு ஒரு அளவுநாடா, ஒரு கொப்பி, பொறுமை, இவை போதும். பெரிய மெசின் எதுவும் வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஷொக் மாற்றலாமா?

வேண்டாம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஷொக்கை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். பணம் போயிருக்கும், கோளாறு போயிருக்காது.

முதலில் டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மேலுள்ள வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடத்து டயர் ஈர ரோட்டில் பிடிக்காது. நாலும் ஒரே வகையா, ஒரே அளவா என்றும் பாருங்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை போட்டுவிட்டு நடத்தை சரியில்லை என்று தேடுவது வீண்.

அடுத்தது ஆட்டம். காரை ஜெக்கில் ஏற்றி ஸ்டாண்டில் வைத்தபின்தான் கையை உள்ளே விட வேண்டும். வெறும் ஜெக்கை நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போகாதீர்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயாரிங், அல்லது சில்லு திரும்பும் மூட்டான போல் ஜொயின்ட், கிங் பின் தேய்ந்ததா என்று தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ரொட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) தெரியும். இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைச் சின்னதாக ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

மைனரின் முன்பக்கத்தை வைத்திருப்பவர்கள் கீழே உள்ள ட்ரனியனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மறை (திருகுப் புரி) போட்ட மூட்டு. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மறை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று சில்லு மடங்கி விழும். ஆயிரம் மைலுக்கு ஒருதடவை கிரீஸ் கன் பிடிக்கச் சொல்லித்தான் நான் காரைக் கொடுக்கிறேன்.

மூன்றாவது ரப்பர் புஷ், அதாவது மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர். இதில் பல கராஜ்களில் ஒரே தவறு நடக்கிறது. கார் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். உயரமும் கோணும், புஷ்ஷும் சில மாதத்தில் கிழியும். சில்லு நிலத்தில் நின்று காரின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகுதான் அந்த போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

இத்தனையும் சரியென்றால்தான் அளப்பது. அளந்து எழுதிய பிறகுதான் மாற்றுவது. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

கொழும்பில் காற்றடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால் டயர் காற்று மாறுமா?

மீட்டரில் பெரிதாக மாறாது. காரணம் அழகானது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல், சுமார் 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 11.7. இதனால் மீட்டர் 3 இறாத்தல் கூட்டிக் காட்ட வேண்டும். அதேநேரம் குளிரில் டயருக்குள் உள்ள காற்று சுருங்குகிறது. 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்தால் சுமார் 2 இறாத்தல் குறையும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கீழே 30 அடித்தது மேலே ஏறக்குறைய 31 என்று நிற்கும்.

ஆனால் இறம்பொடை ஏற்றம் ஏறி வந்த கையோடு அளந்தால் டயர் சூடாக இருக்கும், கணக்கு பிழைக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அளப்பதுதான் அளவு. பாரம் குறைந்த கார்களில் 2 இறாத்தல் வித்தியாசமே ஸ்டியரிங்கில் தெரியும்.

நேர் ரோட்டில் கார் இடப்பக்கம் இழுக்கிறது. சில நேரம் இரண்டு பக்கமும் அலைகிறது.

இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். நம் ரோட்டெல்லாம் மழைநீர் கானுக்குள் ஓட ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் லேசான இடது இழுவை இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் முதலில் முன் டயர் இரண்டையும் இடம்மாற்றிப் பாருங்கள். இழுவை மறுபக்கம் போனால் டயர்தான் காரணம். போகாவிட்டால் இரண்டு பக்கத்துக் கஸ்டரையும் (கீழே சொல்கிறேன்) கம்பரையும் (சில்லு உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு) அளந்து ஒப்பிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள், சஸ்பென்ஷனைத் தொடாதீர்கள்.

அலைவது என்றால் பெரும்பாலும் கஸ்டர் போதாது, அல்லது முன்சில்லுகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன. கஸ்டர் என்பது சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. கடை டிரொலியின் சின்னச் சில்லு தானாகப் பின்னால் வந்து நேராகுமே, அந்தக் குணத்தைக் கொடுப்பது இதுதான். தோட்டத்து ரோட்டில் தட்டாமலிருக்க முன்பக்கத்தை உயர்த்தாமல் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தியவர்களின் கார் மூக்குக் குத்தி நிற்கும். அப்போது இருந்த கஸ்டரும் போய்விடும். கஸ்டரை 3 பாகைக்குக் கீழே குறையவிடாமல் வைத்து, டோவை (சில்லின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை) ஒன்றிலிருந்து 2 மி.மீ. வரை உள்பக்கம் விட்டால் பெரும்பாலான கார்கள் அமைதியாகிவிடும்.

குழியில் இடது சில்லு விழுந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே கார் கான் பக்கம் பாய்கிறது. ஏன்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் சொந்த மைனரில் ஒரு வருடம் அனுபவித்த கோளாறு இது.

எஞ்சினும் கியர் பொக்ஸும் மாற்றிய வேலையை வெளியே ஒரு கராஜில் கொடுத்திருந்தேன். வேலை முடிந்து வந்த கார் நேர் ரோட்டில் கண்ணாடிபோல ஓடியது. ஹட்டன் போகும் வழியில், சென்கிளையர் நீர்வீழ்ச்சி தெரியும் முடக்குக்கு முன்னால், தார் உடைந்த ஒரு இடம். அதில் இடது சில்லு ஏறி இறங்கியதும் மூக்கு ஒரு முழம் இடப்பக்கம் தாவியது. அந்தப் பக்கம் கான், கானுக்கு அப்பால் தேயிலைச் சரிவு. அன்றைக்கு எதிரே பஸ் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் திரும்பப் பிடித்த பிடியில் அதற்குள்தான் போயிருப்பேன்.

எலைன்மெண்ட் (சில்லுகள் நிற்கும் கோணங்கள்) இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் சரி. கார் நிற்கும்போது எல்லாம் சரியாக இருந்ததால்தான் அது பிடிபடவில்லை. சில்லு மேலே ஏறும்போது என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பார்க்கும் முறை இதுதான். காரை ஸ்டாண்டில் ஏற்றி, டோர்ஷன் பாரின் இழுவையை முறைப்படி தளர்த்தினேன். கொயில் ஸ்பிரிங் உள்ள காராக இருந்தால் ஸ்பிரிங்கை கம்ப்ரெசர் போட்டுக் கழற்ற வேண்டும். சில்லைக் கழற்றிவிட்டு பிரேக் ட்ரம்மின் மேல் ஒரு நேரான பலகையை வீல் நட்டால் இறுக்கினேன். அதற்கு எதிரே, காருக்கு இணையாக இன்னொரு பலகையை நிறுத்தினேன். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து, ட்ரம்மைக் கீழிருந்து ஜெக்கால் ஒவ்வொரு 10 மி.மீ. ஆக உயர்த்தி, இரண்டு பலகைக்கும் இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எழுதினேன். 50 மி.மீ. ஏறியதும் அந்த ஒரு சில்லு மட்டும் 8 மி.மீ. வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டியரிங் அசையவேயில்லை.

கியர் பொக்ஸுக்கு இடம்விட ரெக்கை அதன் பழைய இடத்திலிருந்து 14 மி.மீ. கீழே இறக்கிப் பூட்டியிருந்தார்கள். சஸ்பென்ஷன் கை ஒரு வட்டத்தில் ஆடும், டை ரொட்டும் ஒரு வட்டத்தில் ஆடும். இரண்டு வட்டமும் ஒத்துப்போக வேண்டுமானால் டை ரொட்டின் உள்மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அது கீழே போனதால், சில்லு ஏறும்போது டை ரொட் ஸ்டியரிங் கையை உள்ளே இழுத்தது. மைனரில் அந்தக் கை அச்சுக்குப் பின்னால் இருப்பதால் சில்லின் முன்பக்கம் வெளியே விரிந்தது.

ரெக் பிடிக்கும் தகட்டை வெட்டி, பழைய உயரத்துக்கு ஏற்றி வெல்ட் செய்து, கியர் பொக்ஸ் மவுண்டை மாற்றி இடம் எடுத்தேன். மறுபடி அளந்தபோது 50 மி.மீ.க்கு 1 மி.மீ. அதே முடக்கில், அதே உடைந்த தாரில், கார் ஒரு தடவை அசைந்துவிட்டு நேரே போனது.

எலைன்மெண்ட் தாளில் இந்தக் கோளாறு வராது. ஸ்டியரிங் பொக்ஸையோ ரெக்கையோ இடம் மாற்றிய எந்தக் காரிலும், முன்பக்கத்தை 30 மி.மீ.க்கு மேல் இறக்கிய எந்தக் காரிலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முடக்கில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேரே போகிறது. நண்பனின் காரில் பின்பக்கம் சுழல்கிறது. எதை மாற்றுவது?

எந்தப் பக்கத்து டயர்கள் முதலில் பிடியை விடுகின்றனவோ அந்தப் பக்கம்தான் வெளியே போகும். ஆகவே கேள்வி, அந்த டயர்களுக்கு ஏன் பாரம் கூடுகிறது என்பதே.

மூக்கு வெளியே போனால்: முன்னால் பாரமான எஞ்சின், முன் டயரில் காற்றுக் குறைவு, அல்லது முன்னால் மட்டும் தடித்த ரோல் பார் (முடக்கில் கார் சரிவதைக் குறைக்கும் கம்பி). மைனரில் கம்பனி ரோல் பார் போடவேயில்லை. வேறு காரிலிருந்து எடுத்துப் போட்டவர்கள், முதலில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கார் கொஞ்சம் சரியும், ஆனால் மூக்கு திரும்பும். எஞ்சினை இரண்டு அங்குலமாவது பின்னுக்குத் தள்ள முடியுமானால் அதைப்போல நல்ல மருந்து இல்லை. பெட்டரியைப் பின் பெட்டிக்கு மாற்றுவதும் உதவும்.

பின்பக்கம் சுழல்வது இதைவிட ஆபத்து. மலைநாட்டில் இதற்கு நான் அதிகம் காணும் காரணம், லீஃப் ஸ்பிரிங்கை (பின் அச்சைத் தாங்கும் தகட்டு ஸ்பிரிங்கை) அடித்து வளைவேற்றியது. லயத்துக்குப் போகும் ரோட்டில் வயிறு தட்டாமலிருக்க இப்படிச் செய்கிறார்கள், நியாயமான தேவைதான். ஆனால் லீஃப் அதிகம் வளைந்தால் அதன் முன்காது (காரில் பூட்டும் முன்முனை) அச்சை விட உயரத்துக்குப் போகிறது. அப்போது முடக்கில் கார் சரியும்போது வெளிப்பக்கச் சில்லு பின்னாலும் உட்பக்கச் சில்லு முன்னாலும் நகர்கிறது. பின் அச்சு முழுவதும் லேசாகத் திரும்பி, காரின் பின்பக்கத்தை வெளியே தள்ளிக்கொடுக்கிறது. யாரும் ஸ்டியரிங் பிடிக்காமல் பின்சில்லுகள் ஸ்டியரிங் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் கட்டாயம் வேண்டுமானால், கொஞ்சம் பெரிய டயர் போட்டு உயரத்தை எடுங்கள், லீஃபைப் படுக்கையாகவே விடுங்கள்.

கார் இடது முடக்கில் ஒருவிதம், வலது முடக்கில் வேறுவிதம் நடந்தால் நாலு மூலைப் பாரமும் ஒத்திருக்காது. வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம். ஒரு தடித்த பலகையின் ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையைத் தராசளவு உயரமான கட்டையிலும் வைத்து, நட்டநடுவில் சில்லை நிறுத்தினால், பலகையின் பாரத்தைக் கழித்தபின் தராசு சரிபாதியைக் காட்டும். மற்ற மூன்று சில்லுகளும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். முன் இடதும் பின் வலதும் கூட்டிய தொகை, முன் வலதும் பின் இடதும் கூட்டிய தொகைக்குக் கிட்டவாக வர வேண்டும். சாரதி இடத்தில் ஒரு 50 கிலோ மா மூட்டையும் அதன்மேல் இன்னும் பத்துக் கிலோவும் வைத்துவிட்டு அளக்க வேண்டும். வெறும் கார் தானாக ஓடாதே.

அண்ணே, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் இறங்கிவிடும்தானே?

இறங்கும் தம்பி, ஆனால் இறுகவும் செய்யும். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஏறக்குறைய நூற்றுக்கு 14 இறுகிவிடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய குழியில் சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நழுவலாம். காஸ் பிளேமால் வெட்டியிருந்தால் அந்த இடத்து இரும்பின் பதமும் போயிருக்கும். செய்யாதீர்கள்.

ஷொக்கும் ஸ்பிரிங்கும் இறுக்கமாக இருந்தால் கார் நன்றாகப் பிடிக்குமா?

கண்ணாடிபோன்ற ரேஸ் டிரக்கில் பிடிக்கும். வெலிமடை ரோட்டில் பிடிக்காது. டயர் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் பிடி. இறுகிய கார் குழிக்குக் குழி துள்ளும், துள்ளும் நேரமெல்லாம் பிடி இல்லை.

அளந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காரின் பாரம் ஏறும்போது, சில்லு இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 5ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கார் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை ஆட நினைக்கிறது என்று வரும். அதை 60ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 15 செ.மீ. அமுங்கினால் நிமிடத்துக்கு சுமார் 77. நம் ரோட்டுக்கு நல்ல அளவு. 7 செ.மீ. மட்டுமே அமுங்கினால் 113. அந்தக் காரில் பண்டாரவளை போய்வந்தால் இடுப்பு சொல்லும்.

இன்னொரு கணக்கும் பலருக்குத் தெரிவதில்லை. டோர்ஷன் பாரை நூற்றுக்கு 10 தடிப்பாகப் போட்டால் இறுக்கம் நூற்றுக்கு 46 கூடும். ஸ்பிரிங்கைச் சில்லிலிருந்து உள்ளே தள்ளி, கையின் பத்தில் ஏழு பங்கில் பூட்டினால், சில்லுக்குக் கிடைக்கும் இறுக்கம் பாதியாகிவிடும். கண்மதிப்பில் மாற்றுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்று இதிலேயே தெரியும்.

ஷொக், ஸ்பிரிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மைனரின் கைவைத்த பழைய ஷொக்கில் முன்னது மேல்கையாகவும் வேலை செய்கிறது. அதில் எண்ணெய் குறைந்திருந்தாலோ தண்டு ஆடினாலோ சில்லின் நிற்பே மாறும். எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போது பின்சில்லு தடதடவென்று குதிக்கிறது.

முதல் கியரும் டிஃப்பும் சேர்ந்து எஞ்சினின் முறுக்கைப் பன்னிரண்டு, பதினான்கு மடங்காக்கி அச்சுக்குக் கொடுக்கின்றன. பழைய எஞ்சினுக்குச் செய்த மெல்லிய லீஃப், புது எஞ்சினின் முறுக்கில் எஸ் வடிவில் வளைந்து, விட்டு, மறுபடி வளைகிறது. அதுதான் அந்தத் தடதடப்பு. யூ போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, லீஃபின் முன்காதுப் புஷ் நன்றாக உள்ளதா, பின் ஷொக் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குதித்தால் அச்சிலிருந்து முன்னோக்கி ஒரு தடுப்புக் கம்பி பூட்டலாம். அதன் முன்மூட்டு லீஃபின் முன்காதுக்கு மிக அருகே, அதே உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். கண்ட இடத்தில் பூட்டினால் கம்பியும் லீஃபும் ஒன்றையொன்று இழுத்து, சசியில் (அடிச்சட்டத்தில்) வெடிப்பு விழும். கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரில் அப்படி விழுந்த வெடிப்பை நானே வெல்ட் செய்தேன். விரல் நுழையும் அகலம்.

அகலமான அலோய் வீல் போட்டதிலிருந்து ஸ்டியரிங் கையை உதைக்கிறது.

சில்லு வெளியே தள்ளி நிற்கிறது. திரும்பும் அச்சின் கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் கூடிவிட்டால், ஒவ்வொரு கல்லும் ஒரு நெம்புகோல் பிடித்து ஸ்டியரிங்கை இழுக்கும். பெயாரிங்கும் சீக்கிரம் போகும். வீல் வாங்கும்போது அகலத்தை மட்டும் கேட்காமல் ஓஃப்செட்டையும் (வீலைப் பூட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை) கேளுங்கள். பழைய டயரின் நடுக்கோடு எங்கே இருந்ததோ அங்கேயே புதிதும் நிற்க வேண்டும். வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு போட்டுச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை.

எலைன்மெண்ட் கடைக்குக் கொண்டுபோனால் போதாதா?

கடை மெசினில் காரின் பெயரைத் தட்டினால் அந்தக் காரின் அளவு வரும். உங்கள் காருக்கு அதில் பெயர் இல்லை. மைனர் என்று தட்டினாலும் பிழை, சன்னி என்று தட்டினாலும் பிழை. என்ன அளவு வேண்டும் என்று நீங்கள்தான் எழுதிக்கொண்டுபோக வேண்டும்.

வீட்டிலேயே நூல் கட்டியும் செய்யலாம். சமதளம் வேண்டும், அதுதான் நம் பக்கத்தில் கஷ்டம். நான் தேயிலை ஸ்டோரின் பழைய சீமெந்துத் தரையில், தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூபால் மட்டம் பார்த்து, சில்லுக்குக் கீழே தகடு அடுக்கிச் சமன் செய்கிறேன். காரின் இரண்டு பக்கமும் சில்லின் நடுவுயரத்தில் நூலை இழுத்துக் கட்டி, இரண்டு நூலும் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் இருக்கும்படி வைத்து, ஒவ்வொரு சில்லின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். இரண்டின் வித்தியாசம்தான் அந்தச் சில்லின் டோ. பின்சில்லையும் கட்டாயம் அளக்க வேண்டும். பின் அச்சு கோணலாகப் பூட்டியிருந்தால் முன்னால் என்ன செய்தாலும் கார் நண்டுபோல ஓடும்.

கம்பருக்குத் தூக்குக் குண்டு. சில்லின் முன்னால் நூலைத் தொங்கவிட்டு மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டின் தூரத்தையும் பாருங்கள். 13 அங்குல வீலில் 6 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை. ஒவ்வொரு தடவை ஜெக்கிலிருந்து இறக்கியதும் காரை முன்னும் பின்னும் நாலடி உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் உள்ளே மடிந்து நின்று பொய் சொல்லும்.

பழைய ஜீப்பில் குழியைத் தாண்டியதும் முன்பக்கம் முழுவதும் நடுங்குகிறது.

ஒரே அச்சில் இரண்டு சில்லும் இருப்பதால் ஒரு பக்கத்து ஆட்டம் மறுபக்கத்தைக் கிளப்புகிறது. கிங் பின் பெயாரிங், டை ரொட் எண்ட், கஸ்டர், டயர் பெலன்ஸ் என்ற ஒழுங்கில் பாருங்கள். ஸ்டியரிங் டெம்பர் (ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷொக்) போட்டால் நடுக்கம் மறையும், தேய்மானம் மறையாது. நடுங்கத் தொடங்கினால் வேகத்தை மெதுவாகக் குறையுங்கள், ஸ்டியரிங்கோடு சண்டை பிடிக்காதீர்கள்.

பிரேக்கை மாற்றினால் நடத்தையும் மாறுமா?

மாறும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போய்ப் பின்சில்லு இலேசாகிறது. வேறு காரின் பெரிய பின் பிரேக்கை அப்படியே போட்டவர்களுக்கு, ஈர ரோட்டில் பின்சில்லு முதலில் பூட்டும் (சுழலாமல் நின்று வழுக்கும்). பூட்டிய பின்சில்லு பக்கவாட்டில் பிடிக்காது, கார் திரும்பி நிற்கும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, முன்சில்லுதான் முதலில் பூட்டும்படி வைக்க வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிச் சாரதிமார் சொல்வது, பலமில்லாத ட்ரம் பிரேக்குக்கு இன்றைக்கும் பொருந்தும்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பொடியிலோ சசியிலோ பெரிய மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால், இரும்பை வெட்டும் முன்பே அனுமதியை விசாரித்துவிடுங்கள். காப்புறுதிக்கும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் ஓட வேண்டும். அதே செட்டிங் போதுமா?

1930களிலிருந்து நுவரெலியாவில் கார்கள் ஏறிவரும் மலை அது. தேயிலைக்கு நடுவே குறுகிய பாதை, ஒரே ஓட்டம், நேரம்தான் எதிரி. ஏற்றத்தில் பாரம் பின்னால் போவதால் முன்சில்லு இலேசாகி மூக்கு வெளியே போகப் பார்க்கும். அதனால் அன்றைக்குப் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கி, முன் டோவை நேராக வைப்பார்கள். ஏறும்போது நன்றாக இருக்கும் அந்த அமைப்பு, இறங்கும்போது பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். ஆகவே போட்டிக்கு முன் இருந்த அளவுகளைக் கொப்பியில் எழுதி வைத்து, வீடு திரும்பும் முன் அங்கேயே பழையபடி மாற்றுங்கள். நானுஓயா இறக்கத்தில் போட்டிச் செட்டிங்கோடு ஒரு காரும் போகக்கூடாது.

எங்கே ஓட்டிச் சோதிப்பது? சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஒரே துண்டு ரோட்டைத் தெரிந்தெடுங்கள். ஒரு நேர், ஒரு இடது முடக்கு, ஒரு வலது முடக்கு, கொஞ்சம் உடைந்த தார், இவை இருந்தால் போதும். நான் போவது காலை ஒன்பது மணிக்குப் பிறகு. பனி விலகியிருக்கும், பள்ளிப் பிள்ளைகள் ரோட்டில் இருக்க மாட்டார்கள், கொழுந்து லொறிகளின் அவசரமும் தொடங்கியிருக்காது. வேகம் வேண்டியதில்லை. நாற்பதில் காட்டாத குணத்தை அறுபதில் தேடினால் அது முடக்கில்தான் காட்டும். ஒரு மாற்றம், ஒரு ஓட்டம், இறங்கியதும் இரண்டு வரி. டயர் காற்று, மழையா வெயிலா, ஸ்டியரிங் என்ன சொன்னது, அவ்வளவு எழுதினால் போதும்.

சரியான கார், குழியில் ஒரு தடவை ஏறி இறங்கி அடங்கும். முடக்கில் ஸ்டியரிங்கைப் பிடித்த இடத்திலேயே வைத்திருக்கலாம், நடுவில் திருத்த வேண்டியிராது. பக்கத்தில் இருப்பவர் கதவின் கைப்பிடியை விட்டுவிட்டுப் பேசத் தொடங்குவார்.

பிறகு ஐந்நூறு கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். நான் இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயின்ட்டால், நட்டிலிருந்து தகடு வரை ஒரு கோடு இழுத்துவிடுவேன். காலையில் டோர்ச் அடித்துக் குனிந்து பார்ப்பேன். கோடு ஒடிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது, அன்றைக்கு அந்தக் கார் கராஜை விட்டு வெளியே போகாது.